சிசுவே, உப்பைக் குறை!

செப்டம்பர் 29 வந்துவிட்டால் போதும், தனக்கு நெஞ்சு என்று ஒன்று இருப்பது நகரத்துக்கு ஞாபகம் வந்துவிடும். உலக இதய தினம். விடியற்காலை ஐந்தரைக்கே மெரினாவில் சிவப்பு டி-ஷர்ட் கூட்டம் சேர்ந்துவிடும். டி-ஷர்ட்டின் முதுகில் ஒரு ஆஸ்பத்திரி, மார்பில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி, தோளில் ஒரு பிஸ்கட் கம்பெனி. மேடையில் ஒரு நடிகர். அவர் கால்ஷீட் கிடைக்காவிட்டால் ஓய்வுபெற்ற கிரிக்கெட் வீரர். அவரும் வாய்க்காவிட்டால் ஒரு அமைச்சர். ‘உங்கள் இதயம் உங்கள் கையில்’ என்று மைக்கில் முழங்குவார்கள். கொடி அசையும். கூட்டம் இரண்டு கிலோமீட்டர் நடக்கும், அதில் ஒரு கிலோமீட்டர் செல்ஃபிக்குப் போய்விடும். முடிவில் நெய் மிதக்கும் பொங்கல், இரண்டு வடை. நெஞ்சம் நிறைந்து எல்லோரும் காரில் ஏறுவார்கள்.

எட்டு மணிக்கு அங்கே மிச்சம் இருப்பவை நசுங்கிய தண்ணீர் பாட்டில்கள், பாக்குமட்டைத் தட்டுகள், அவற்றைக் கூட்டி அள்ளும் பெண்கள். அவர்கள் அந்த நேரத்துக்குள் ஏழெட்டுத் தெருவைக் கூட்டி முடித்திருப்பார்கள். ஆனால் அதை யாரும் நடை என்று கணக்கில் எடுப்பதில்லை. டி-ஷர்ட் போடாமல் நடந்தால் அது வேலை. கும்பி கூழுக்கு அழுததாம், கொண்டை பூவுக்கு அழுததாம் என்று நம் பாட்டிமார் சும்மாவா சொல்லி வைத்தார்கள்.

அந்தப் பெண்களில் ஒருத்தியை, ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை, அரசு மருத்துவமனை ஓ.பி. வரிசையில் பார்க்கலாம்.

“வயசு?”

“நாப்பத்தாறு இருக்கும் சார்.”

“என்ன பண்ணுது?”

“மாடிப்படி ஏறுனா நெஞ்சை அடைக்குது. எடது கை மரத்துப் போவுது.”

இ.சி.ஜி. காகிதத்தைப் பார்க்கிறார் இளம் டாக்டர். ரத்த அழுத்தம் 170-க்கு 100. “உப்பைக் குறைக்கணும்மா. டென்ஷன் ஆகக் கூடாது. பழம் நிறையச் சாப்பிடணும். தெனமும் அரை மணி நேரமாவது நடக்கணும்.”

“நடக்கறதுதான் சார் எம் பொழப்பே. காலையில அஞ்சு மணியிலேந்து வண்டி தள்றேன்.”

“அது வேலம்மா. இது எக்ஸர்சைஸ். ரெண்டும் வேற.”

அந்த டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளியே இன்னும் நூறு பேர் நிற்கிறார்கள், ஆளுக்கு இரண்டு நிமிஷம். புத்தகத்தில் படித்ததைச் சொல்கிறார். குற்றப்பத்திரிகை ஏற்கெனவே அச்சடித்துத் தயாராக இருக்கிறது. உப்பு தின்றாய், கவலைப்பட்டாய், உடற்பயிற்சி செய்யவில்லை, பழம் சாப்பிடவில்லை. ஆகவே உன் நெஞ்சு அடைத்தது உன் குற்றம். பெயரை மட்டும் எழுத வேண்டியதுதான் பாக்கி.

அவள் பிறந்தது திண்டிவனம் பக்கம் ஒரு காலனியில். வயிற்றில் அவள் இருந்தபோது அவள் அம்மா கடைசி வாரம் வரை நடவுக்குப் போனாள். வீட்டில்தான் பிரசவம். பிறந்த குழந்தையை யாரும் தராசில் வைக்கவில்லை. அந்த ஊரில் நெல்லுக்கும் மல்லாட்டைக்கும்தான் தராசு. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சத்துணவும் அன்றோடு நின்றது. குற்றப்பத்திரிகையில் இது எதற்கும் பத்தி கிடையாது. நாற்பத்தாறு வயதுக்காரி நாற்பத்தாறு வயதிலேயே பிறந்து நேராக ஓ.பி. சீட்டு வாங்க வந்தவள் மாதிரிதான் விசாரணை நடக்கும்.

ஆனால் எடை போட்ட ஊர் ஒன்று உண்டு, அதிகத் தூரமும் இல்லை. மைசூரில் ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனை என்று ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. 1934 முதல் அங்கே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச்சுற்றளவு, தாயின் எடை எல்லாவற்றையும் நர்ஸுகள் பேரேட்டில் எழுதி வைத்தார்கள். பவுண்டிலும் அவுன்ஸிலும், ஒரு வரிக்கு ஒரு குழந்தை. எதற்கு எழுதுகிறோம் என்று அவர்கள் பெரிதாக யோசித்திருக்க மாட்டார்கள். ஒழுங்காக வேலை செய்வது ஒரு பழக்கம், அவ்வளவுதான். அறுபது வருஷம் கழித்து ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பேரேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு வீடாகப் போய், அங்கே பிறந்து அங்கேயே வாழ்கிறவர்களைத் தேடினார்கள். 1934-க்கும் 1954-க்கும் இடையே பிறந்த 517 பேர் கிடைத்தார்கள். இதயத்தைச் சோதித்தார்கள். 1996-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வந்தது.

இரண்டரைக் கிலோ அல்லது அதற்கும் குறைவாகப் பிறந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு மாரடைப்பு வகை இதய நோய் இருந்தது. 3.1 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் நூற்றுக்கு 3. குழந்தையும் இரண்டரைக் கிலோவைத் தாண்டாமல், சுமந்த தாயும் 45 கிலோவுக்குக் குறைவு என்றால் நூற்றுக்கு 20. ஐந்தில் ஒருவர். இதில் உப்பு எங்கே வந்தது? டென்ஷன் எங்கே வந்தது? பேரேட்டில் ஒரு வரி எழுதி மை காய்வதற்குள் கணக்கில் ஒரு பகுதி போட்டாகிவிட்டது.

எப்படி நடக்கிறது இது? வயிற்றில் இருக்கும் கருவுக்கு வரும்படி குறைந்தால் அது நம் நிதியமைச்சர்கள் எவரையும் விடக் கறாராக பட்ஜெட் போடும். முதல் ஒதுக்கீடு மூளைக்கு. அதில் கை வைக்காது. வெட்டு விழுவது சிறுநீரகத்துக்கு, கணையத்துக்கு, தசைக்கு. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ரத்தத்தை வடிகட்டும் நுண்வடிகட்டிகள், நெஃப்ரான்கள், சராசரியாகப் பத்து லட்சம் இருக்க வேண்டும். அவை அத்தனையும் கருப்பையிலேயே, ஏறக்குறைய 36-ஆவது வாரத்துக்குள், உருவாகி முடிந்துவிடும். அதற்குப் பிறகு மாதுளை என்ன, மாங்கொட்டை என்ன, எதைத் தின்றாலும் ஒன்றுகூடப் புதிதாக முளைக்காது. குறைந்த வடிகட்டிகளோடு பிறந்தவர்கள் அதே அளவு உப்பை, அதே அளவு ரத்தத்தைக் கூடுதல் அழுத்தத்தில் தள்ளியாக வேண்டும். அதுதான் பிற்காலத்தில் 170-க்கு 100. இதயத் தசை அணுக்களும் அப்படித்தான். பெரும்பாலும் பிறப்போடு எண்ணிக்கை முடிந்தது. பிறகு அவை பருக்கும், பெருகாது.

இதைவிடப் பெரிய நக்கல் ஒன்றை நம் உடம்பே நமக்குச் செய்து வைத்திருக்கிறது. சத்துக் குறைவில் உருவாகும் இந்தியக் குழந்தை எடை குறைவாக, எலும்பும் தோலுமாகத்தான் பிறக்கும். ஆனால் தோலுக்கு அடியில் கொழுப்பை மட்டும் பத்திரமாக மறைத்துக்கொண்டு வரும். புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004-இல் ‘லான்செட்’டில் ஒரு படம் போட்டார். அவரும் ஆங்கிலேய நண்பர் ஜான் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடம்பில் 21.2. அதாவது நம் ஊரில் ஒல்லியாக இருப்பவரைப் பார்த்து ‘உனக்கென்னப்பா, உடம்பைக் கட்டாக வைத்திருக்கிறாய்’ என்று பொறாமைப்படுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, குற்றம் கருப்பையிலேயே நடக்கிறது என்று ஆகிவிட்டதால் அறிவுரையையும் அங்கேயே போய்ச் சொல்வதுதான் நியாயம். நடைப்பயிற்சி அமைப்புகளின் சார்பில், கட்டணம் எதுவும் வாங்காமல், அறிவிப்பை நானே எழுதிக் கொடுக்கிறேன்.

கருப்பையில் வசிக்கும் அனைவருக்கும் தெரிவிப்பது யாதெனில்: தாயைத் தேர்வு செய்யும்போது எடை பார்த்துத் தேர்வு செய்யவும். 45 கிலோவுக்குக் குறைந்தவர் எனில் விண்ணப்பத்தை உடனே திரும்பப் பெறவும். ஏழாம் மாதத்திலும் நாற்று நடுபவர், செங்கல் சூளையில் கல் அறுப்பவர், சித்தாள் ஆகியோரது வயிற்றில் தங்குவது முற்றிலும் உங்கள் சொந்தப் பொறுப்பு, பிற்பாடு நிர்வாகத்தைக் குறை கூறலாகாது. ரத்தசோகை இல்லாத தாயாகப் பார்த்துச் சேரவும். தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு 48 பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுவதால் இடங்கள் குறைவு, முந்துவோர்க்கே முன்னுரிமை. பிறந்த பிறகு, ஓட்டு வீட்டுக்குள் விறகடுப்புப் புகை வரும் பக்கம் படுக்க வேண்டாம். அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கும் வேளையில் மனதை அமைதியாக வைத்திருக்கவும், மூச்சுப் பயிற்சி நல்லது. எந்நிலையிலும் டென்ஷன் கூடாது. சிசுவே, உப்பைக் குறை!

அப்பா குடிப்பதை வேடிக்கைக்காகச் சேர்க்கவில்லை. அமெரிக்காவின் சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயது பற்றிக் கேட்டார்கள். அடி உண்டா, அவமானம் உண்டா, அம்மா அடி வாங்கிப் பார்த்தாயா, வீட்டில் குடிகாரர் உண்டா என்று. இப்படிப்பட்ட துன்பங்களில் நான்கோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு, ஒன்றும் படாதவர்களைவிட இதய நோய் 2.2 மடங்கு. அங்கேயாவது சாராயக் கடையைத் தனியார் நடத்துகிறார்கள். இங்கே 2003 முதல் சில்லறையிலும் அரசே நடத்துகிறது. பண்டிகை முடிந்த மறுநாள் எத்தனை கோடிக்கு விற்றது என்று பத்திரிகையில் செய்தி வரும், கிட்டத்தட்டப் பரீட்சை முடிவு மாதிரி. அப்பாவுக்கு ஊற்றிக் கொடுத்த அதே கை, பிள்ளைக்கு நாற்பது வயதானதும் நாடி பிடித்துப் பார்த்து ‘மது அருந்தும் பழக்கம் குடும்பத்தில் உண்டா?’ என்று கேட்கும். கேட்பதற்கு ஒரு முகம் வேண்டும்.

குழந்தையை எடை போடுவது எங்கே தொடங்கியது என்று பார்த்தால் கோபம் இன்னும் கொஞ்சம் ஏறும். போயர் போருக்கு ஆள் எடுக்கப் போன பிரிட்டிஷ் ராணுவம், வந்த ஏழை இளைஞர்கள் கூனலும் குட்டையுமாக இருப்பதைப் பார்த்து மிரண்டது. துப்பாக்கி தூக்கத் தெம்பில்லாத ஜனத்தை வைத்துக்கொண்டு சாம்ராஜ்யம் எப்படி நடத்துவது? 1904-இல் ஒரு குழு ‘உடல் சீரழிவு’ பற்றி அறிக்கை கொடுத்தது. அந்தக் கவலையின் பின்விளைவாக ஹார்ட்ஃபர்ட்ஷைர் மாவட்டத்தில் எத்தல் மார்கரெட் பர்ன்சைட் என்ற சுகாதார அதிகாரியின் ஏற்பாட்டில் 1911 முதல் ஒவ்வொரு குழந்தையையும் பிறந்தபோதும் ஒரு வயதிலும் நிறுத்துப் பதிவு செய்தார்கள். அந்தப் பேரேடுகளைப் பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர் டேவிட் பார்க்கர் தேடிப் பிடித்தார். 1911–30-இல் பிறந்த 5,654 ஆண்களின் கதை 1989-இல் வெளிவந்தது. ஒரு வயதில் 18 பவுண்டைத் தாண்டாதவர்கள் இதய நோயில் இறந்த விகிதம், 27 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தவர்களைவிட இரண்டரை மடங்குக்கும் மேல்.

அதே சாம்ராஜ்யம், அதே காலகட்டம். 1920-இல் சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடத் தொடங்கியது. வேறு சில பள்ளிகளுக்கும் விரித்தது. 1925-இல் ஆங்கில அரசு அந்தச் செலவை அனுமதிக்க மறுக்க, சோறு நின்றது. ஹார்ட்ஃபர்ட்ஷைரில் குழந்தையைத் தராசில் ஏற்றிய அதே ஆட்சி, ஆயிரம் விளக்கில் தட்டைப் பிடுங்கியது. அங்கே பிறந்தவன் சிப்பாய் ஆகலாம், இங்கே பிறந்தவன் கூலி ஆகலாம். கூலிக்கு எதற்கு நெஞ்சு, முதுகு போதுமே!

வெள்ளைக்காரன் போய்விட்டான். அந்தக் கணக்குப்பிள்ளைப் புத்தி போனதா? 1956-இல் காமராசர் மதிய உணவு போட்டபோதும், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தபோதும் ‘கஜானா காலியாகும்’ என்று பொருளாதாரம் படித்தவர்கள் கன்னத்தில் கை வைத்தார்கள். 2022-இல் காலைச் சிற்றுண்டி வந்தது. மறு ஆண்டு அதை மாநிலம் முழுக்க விரித்தபோது ஒரு நாளேடு முதல் பக்கத்தில் தலைப்புப் போட்டது. பிள்ளைகள் வீட்டிலும் தின்றுவிட்டுப் பள்ளியிலும் தின்கிறார்களாம், பள்ளிக் கழிப்பறை நிரம்பி வழிகிறதாம். உப்புமா தின்னும் ஆறு வயதுப் பிள்ளையின் மலத்தைக் கணக்கெடுக்கும் பத்திரிகை தர்மம் உலகில் வேறு எங்கும் உண்டா தெரியவில்லை. இதே பிள்ளைக்கு ஐம்பது வயதில் நெஞ்சு அடைக்கும்போது இதே மாதிரிப் பத்திரிகைகளின் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ‘இதயத்தைக் காக்கப் பத்து வழிகள்’ வரும். ஐந்தில் வளைத்து ஒடித்துவிட்டு ஐம்பதில் நிமிர்ந்து நில் என்பார்கள்.

முட்டைக் கதை தனி. 2015-இல் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்கலாம் என்ற யோசனை வந்தபோது முதல்வர் சிவராஜ் சிங் சௌஹான் வேண்டாம் என்று தள்ளிவிட்டார். 2021 டிசம்பரில் கர்நாடகத்தின் வட மாவட்டங்களில் பள்ளியில் முட்டை போட்டார்கள். மடாதிபதிகள் கொதித்தெழுந்தார்கள், முட்டையை நிறுத்தாவிட்டால் போராட்டம் என்றார்கள். கவனிக்கவும், மைசூர்ப் பேரேடு இருக்கும் அதே மாநிலம். எடை குறைந்த குழந்தையின் நெஞ்சுக்கு என்ன ஆகும் என்று உலகத்துக்கே எடுத்துச் சொன்ன மண்ணில், குழந்தையின் எடையைக் கூட்டும் பண்டத்துக்கு எதிர்ப்பு. அப்போது கொப்பள் மாவட்டத்துப் பள்ளி மாணவி ஒருத்தி காமிராவைப் பார்த்துச் சத்தம் போட்டாள். எங்களுக்கு முட்டை தராவிட்டால் உங்கள் மடத்துக்கே வந்து உட்கார்ந்து தின்போம் என்று. இந்தக் கட்டுரைக்காக நான் புரட்டிய எந்த மருத்துவ விளக்கமும் அவ்வளவு தெளிவாக இல்லை.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் நெஞ்சை நிமிர்த்தலாம், கொஞ்சம். 1989-இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கிய முட்டை இன்று வாரத்துக்கு ஐந்து. இதன் பலன் தின்ற பிள்ளையோடு நிற்பதில்லை. இந்தியாவின் பள்ளி மதிய உணவைப் பற்றி 2021-இல் வந்த ஓர் ஆய்வு, பள்ளியில் சோறு தின்ற பெண்கள் பிற்பாடு பெற்ற குழந்தைகள், தின்னாதவர்கள் பெற்றவர்களைவிட உயரமாக வளர்ந்ததைக் காட்டியது. பத்து வயதுப் பெண்ணின் தட்டில் விழுந்த முட்டை அவள் பிள்ளையின் எலும்பில் போய்ச் சேர்கிறது. ஆனாலும் ஐந்து வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுக் குழந்தைகளில் நால்வரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமில்லை, நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. நிமிர்த்திய நெஞ்சைச் சற்று இறக்கிக்கொள்ளலாம்.

அந்தப் பத்து வயதுப் பெண் பதினைந்து பதினாறு வயதில் எங்கே போனாள் என்பதும் கதைதான். திண்டுக்கல், கோவை, திருப்பூர்ப் பக்கத்து நூல் மில்களில் ‘கேம்ப் கூலி’ என்று வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று வருஷம் விடுதியில் அடைந்து கிடந்து பஞ்சுத் தூசியில் ஷிஃப்ட் பார்த்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. திட்டத்துக்குச் சுமங்கலி என்று மங்களகரமாகப் பெயர் வைத்தார்கள். ராத்திரி ஷிஃப்டிலும் அரைகுறைச் சாப்பாட்டிலும் வெளுத்துப் போன பெண், கையில் அந்தப் பணத்தோடு தாலி கட்டிக்கொண்டு அடுத்த வருஷமே இரண்டு கிலோவில் ஒரு பிள்ளை பெற்றால், அந்தப் பிள்ளையின் ஐம்பது வயது மாரடைப்பை யார் பெயரில் எழுதுவது? எழுத வேண்டியவர்களில் சிலர் ஊருக்கு இலவச இதயப் பரிசோதனை முகாம் நடத்துகிறார்கள். பேனரில் அவர்கள் படம்தான் பெரிது.

இத்தனையும் சாவகாசமாக ஐம்பது வருஷம் எடுத்துக்கொள்ளும் வகை. அவசரக்காரர்களுக்கு வேறொன்று இருக்கிறது, ருமாட்டிக் இதய நோய். பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர் படுக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப் புண். அடுத்தடுத்த பிள்ளைக்கும். ‘தொண்டை கட்டியிருக்கு, சுக்குக் கஷாயம் குடி’. இரண்டு மூன்று வாரத்தில் ஒரு பிள்ளைக்கு முட்டி வீங்கிக் காய்ச்சல் வரும், தானாகவே போய்விடும். எல்லோரும் மறந்துவிடுவார்கள். வால்வு மறக்காது. கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பின் படையே இதய வால்வைக் கிருமி என்று நினைத்துக் கடித்துவிடும். திரும்பத் திரும்ப வந்தால் வால்வு தடித்து, ஒட்டி, சுருங்கும். இருபது வயதில், பல நேரம் முதல் பிரசவத்தில், மூச்சு முட்டும்போதுதான் கண்டுபிடிப்பார்கள். ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் பென்சிலின் போதும். ஒருமுறை தாக்கியவர்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு பென்சாத்தைன் பென்சிலின் ஊசி, பல வருஷத்துக்கு. மலிவான ஊசி. மலிவு என்பதாலேயே தயாரிக்கக் கம்பெனிகளுக்கு மனமில்லை, அடிக்கடி தட்டுப்பாடு. பணக்கார நாடுகளில் இந்த நோய் பென்சிலின் வருவதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட்டது. ஒரு முக்கியக் காரணம், வீட்டில் ஆள் நெருக்கம் குறைந்தது. அந்த நோய்க்கு ஜன்னல் ஒரு மருந்து.

நாம் ஜன்னல் வைக்கவில்லை, வால்வு செய்தோம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உள்நாட்டிலேயே செயற்கை வால்வு உருவாக்கி 1990-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். அந்த விஞ்ஞானிகளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும், அதில் கிண்டல் இல்லை. கிண்டல் நம்மைப் பார்த்துத்தான். வால்வு மாற்றக் காப்பீட்டுத் திட்டம் பணம் கொடுக்கும், ஏழு பேர் படுக்கும் அறையை மாற்றக் கொடுக்காது. ஸ்டென்ட் வைக்கக் கொடுக்கும். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்டுக்கு உச்சவரம்பாக 29,600 ரூபாய் விதித்தது. முட்டை ஆறு ரூபாய் என்று வைத்தாலும் அந்த ஒரு கம்பிச் சுருள் விலைக்கு ஏறக்குறைய ஐயாயிரம் முட்டை. வாரத்துக்கு ஐந்து வீதம் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்காலம் முழுக்கத் தின்றாலும் மிச்சமிருக்கும். ஆஸ்பத்திரிக் கட்டணம், டாக்டர் கட்டணம், அறை வாடகை எதையும் இன்னும் கூட்டவில்லை. ஸ்டென்ட் வைப்பவரைச் சாதனையாளர் என்று பொன்னாடை போர்த்துவோம். முட்டை போடும் அமைப்பாளரம்மாவுக்குக் காலமுறை ஊதியம் கேட்டு மறியல் செய்யும் நாளில்தான் படம் வரும், போலீஸ் வேனில் ஏறும் கோலத்தில்.

இந்த இடத்தில் ஒரு பெரியவர் எப்போதும் எழுந்து நிற்பார். ‘நானும் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவன்தான். தெரு விளக்கில் படித்தேன். எழுபத்தைந்து வயதில் பழனி மலைப் படி ஏறுகிறேன். எல்லாம் மனக் கட்டுப்பாடு.’ வாழ்க, ஐயா. மைசூர்ப் பேரேட்டில் மிக மோசமான வரியில் இருந்தவர்களிலும் நூற்றுக்கு எண்பது பேருக்கு இதய நோய் இல்லை. நீங்கள் அந்த எண்பதில் ஒருவர். மிச்சம் இருபது பேர் படி ஏற வரவில்லை, அதனால் உங்கள் கண்ணில் படவில்லை.

பீடி நல்லது, ஊறுகாய் நல்லது என்று யாரும் சொல்ல வரவில்லை. புகை கெடுதல், உப்பு கெடுதல், சந்தேகமே வேண்டாம். ஆனால் லண்டனில் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், மைக்கேல் மார்மட்டும் கூட்டாளிகளும் அரசு ஊழியர்களின் நெஞ்சைக் கணக்கெடுத்தார்கள். பட்டினி கிடக்கிறவர் ஒருவரும் இல்லை, எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். கடைநிலையில் இருந்த பியூன்கள் இதய நோயில் இறந்த விகிதம் உச்சியில் இருந்த அதிகாரிகளைவிட 3.6 மடங்கு. புகை, அழுத்தம், கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தார்கள். ஒரு பங்குதான் கழிந்தது, பெரும்பகுதி அப்படியே நின்றது. இன்னொன்றும் கவனித்தார்கள். கடைநிலை ஆட்கள் உயரமும் குறைவு. முப்பது வயதில் யாரும் நடைப்பயிற்சி செய்து உயரம் கூட்டியதில்லை. உயரம் என்பது சிறுவயதுச் சாப்பாட்டுத் தட்டு எழுதிவிட்டுப் போன கையெழுத்து.

நம் திண்டிவனத்துப் பெண்ணுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தாயிற்று. அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள், ஐந்தாம் மாதம். எடை 43 கிலோ, ஹீமோகுளோபின் எட்டு. ஜவுளிக் கடையில் நின்றுகொண்டே பத்து மணி நேர வேலை. கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்கியாகிவிட்டது, முத்துலட்சுமி ரெட்டி திட்டத்து மகப்பேறு நிதிக்கும் பெயர் கொடுத்தாகிவிட்டது. கடையில் உட்கார ஸ்டூல் கேட்டதற்கு, கஸ்டமர் பார்ப்பார்கள் என்று பதில் வந்தது. கடைகளில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டமே திருத்தியிருக்கிறார்கள். சட்டம் உட்கார்ந்திருக்கிறது, அவள் நிற்கிறாள்.

எனவே அரசுக்கு ஒரு யோசனை, செலவில்லாதது. பின்னால் என்ன வரும் என்பது இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த பிறகும் நடுவில் எதையும் மாற்றும் உத்தேசம் நமக்கு இல்லை என்பதால், பிறப்புச் சான்றிதழோடு கேத் லேப் டோக்கனையும் சேர்த்தே கொடுத்துவிடலாம். பிரசவ வார்டிலேயே தராசுப் பக்கத்தில் ஒரு கவுன்ட்டர் போதும். 2.1 கிலோ என்றால் ஆஞ்சியோ 2071-இல், காலை பத்து மணி, வெறும் வயிற்றில் வரவும். வெறும் வயிறு அந்தக் குடும்பத்துக்குப் பழக்கம்தான், சிரமம் இராது. இரண்டரைக் கிலோ என்றால் சற்றுத் தள்ளி 2076. தொண்டைப் புண்ணோடு ஒரே அறையில் ஏழு பேர் என்றால் தனி நிற டோக்கன், வால்வுக்கு முன்பதிவு. தனியார் ஆஸ்பத்திரிகள் இந்த டோக்கன்களை மாவட்டவாரியாக இப்போதே ஏலம் எடுக்கலாம், பங்குச் சந்தையிலும் விடலாம். இதைவிட நிச்சயமான வருமானம் எந்தத் தொழிலிலும் கிடையாது. டோக்கனின் பின்பக்கம் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருக்கட்டும்: கைமாற்றத் தக்கதல்ல. தொலைந்தால் மறுநகல் உண்டு. கர்ப்ப காலத்தில் தாய்க்கு வயிறாரச் சோறும் உட்கார ஒரு ஸ்டூலும் கொடுக்கப்பட்டதாகத் தெரியவந்தால் இந்த டோக்கன் ரத்து செய்யப்படும்.